கொலஸ்ட்ரால் மாத்திரையும் கண் புரையும்: பயம் எங்கிருந்து வந்தது, கணக்கு என்ன சொல்கிறது

ஸ்டாட்டின் என்ற கொலஸ்ட்ரால் மாத்திரைக்கும் கண்ணுக்கும் முடிச்சுப் போடும் செய்தி சில ஆண்டுகளுக்கு ஒருமுறை தலைகாட்டும். "ஸ்டாட்டின் சாப்பிடுவோருக்குக் கண் புரை வரும் வாய்ப்பு அதிகம்" என்று ஒரு முறை வரும். "ஸ்டாட்டின் கண் புரையைத் தடுக்கிறது" என்று இன்னொரு முறை வரும். இரண்டுக்கும் பின்னால் மருத்துவ இதழ்களில் முறையாக வெளியான ஆய்வுகள் இருக்கின்றன. வாட்ஸ்அப்பில் சுற்றுவது மட்டும் பெரும்பாலும் முதல் வகைதான். அதைப் படித்துவிட்டு மாத்திரையை நிறுத்துபவர்களில் சிலர், நிறுத்தியதை டாக்டரிடம் சொல்வதும் இல்லை.

இந்தச் சந்தேகத்தை வெறும் வதந்தி என்று தள்ளிவிடவும் முடியாது. அதற்கு உடலியல் காரணம் இருக்கிறது. கசப்பான ஒரு வரலாறும் இருக்கிறது. ஆனால் "புரை வருமா, வராதா" என்று மட்டும் கேட்டுக்கொண்டிருந்தால் பதில் பிடிபடாது. ஆயிரம் பேர் சாப்பிட்டால் எத்தனை பேருக்குக் கூடுதலாக வருகிறது, அதே ஆயிரம் பேரில் எத்தனை பேர் மாரடைப்பிலிருந்து தப்புகிறார்கள் என்று கேட்க வேண்டும்.

## மாத்திரை செய்யும் வேலை

உடலின் ஒவ்வொரு செல்லையும் சுற்றி ஒரு சவ்வு இருக்கிறது. அந்தச் சவ்வு உறுதியாக இருக்கக் கொலஸ்ட்ரால் வேண்டும். சாப்பாட்டிலிருந்து கிடைப்பதைவிட உடல் தானே தயாரித்துக்கொள்வது அதிகம். கல்லீரல் அதில் பெரும் பங்கு வகிக்கிறது. கொலஸ்ட்ரால் ரத்தத்தில் கரையாது என்பதால் புரதத்தோடு சேர்த்துப் பொட்டலம் பொட்டலமாக அனுப்பப்படுகிறது. அதில் எல்.டி.எல். என்ற பொட்டலம் மிகுந்தால் ரத்தக் குழாய்ச் சுவரில் படிந்து அடைப்புக்கு வழி செய்கிறது. லேப் ரிப்போர்ட்டில் "கெட்ட கொழுப்பு" என்று டாக்டர் விரல் வைத்துக் காட்டுவது இதைத்தான்.

மருந்துச்சீட்டில் பெயர் "ஸ்டாட்டின்" என்று முடிந்தால் அது இந்தக் குடும்பத்து மாத்திரை. அட்டோர்வாஸ்டாட்டின், ரோசுவாஸ்டாட்டின் ஆகிய இரண்டும்தான் நம் மெடிக்கல் ஷாப்களில் அதிகம் கிடைப்பவை. செல்லுக்குள் கொலஸ்ட்ரால் உருவாவது பல படிகள் கொண்ட வேலை. அதன் தொடக்கப் படிகளில் ஒன்றை நடத்தும் எச்.எம்.ஜி. கோ-ஏ ரிடக்டேஸ் என்ற நொதியை ஸ்டாட்டின் கட்டிப்போடுகிறது. கல்லீரலில் உற்பத்தி குறைகிறது. தட்டுப்பாட்டைச் சமாளிக்கக் கல்லீரல் ரத்தத்தில் ஓடும் எல்.டி.எல்.லை இழுத்துக்கொள்கிறது. ரத்தத்தில் அளவு இறங்குகிறது.

இதைக் கண்டுபிடித்தவர் ஜப்பானின் அகிரா எண்டோ. சான்க்யோ நிறுவனத்தில் ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட பூஞ்சை வகைகளைச் சோதித்து, 1970களின் தொடக்கத்தில் முதல் ஸ்டாட்டினைப் பிரித்தெடுத்தார். அதைத் தந்த பூஞ்சை, கியோட்டோவில் ஒரு தானியக் கடை அரிசியில் கிடைத்தது. பிறகு மெர்க் நிறுவனத்தின் லோவாஸ்டாட்டின் 1987இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. விற்பனைக்கு வந்த முதல் ஸ்டாட்டின் அதுதான்.

## பயத்துக்கு ஒரு வரலாறு உண்டு

ஸ்டாட்டினுக்கு முன்பே கொலஸ்ட்ரால் உற்பத்தியைத் தடுக்கும் மாத்திரை ஒன்று சந்தைக்கு வந்தது. பெயர் ட்ரைபரனால். அமெரிக்காவின் சின்சினாட்டியில் இருந்த மெரல் நிறுவனம் 1960இல் அதை வெளியிட்டது. லட்சக்கணக்கானோர் சாப்பிட்டார்கள். கொஞ்ச நாளில் முடி கொட்டியது, தோல் செதில் செதிலாக உரிந்தது. அதைத் தொடர்ந்து, வயதுக்குப் பொருந்தாமல் கண்ணில் புரை விழுந்தது.

நிறுவனம் விலங்குச் சோதனை விவரங்களைத் திருத்தியிருந்தது. நோய்ப்பட்ட குரங்கின் விவரத்தை மாற்றி எழுதச் சொன்னதாக, அங்கே வேலை பார்த்து விலகிய ஆய்வகப் பணியாளர் ஒருவர் வெளியே சொன்னார். அவருடைய கணவரும் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகத்தின் ஆய்வாளர் ஒருவரும் வேலைக்கு ஒரே காரில் போய்வருபவர்கள் என்பதால் விஷயம் அதிகாரிகளை எட்டியது. சோதனைக்கு ஆட்கள் வந்தார்கள். 1962 ஏப்ரலில் மாத்திரை திரும்பப் பெறப்பட்டது. 1964இல் நிறுவனத்துக்கு 80,000 டாலர் அபராதம் விதிக்கப்பட்டது. கர்ப்பிணிகள் சாப்பிட்டுக் குழந்தைகள் ஊனத்தோடு பிறக்கக் காரணமான தாலிடோமைடு மருந்தை அமெரிக்காவில் விற்க அனுமதி கேட்டு அலைந்ததும் இதே மெரல்தான். அந்தத் தகவலையும் சேர்த்துப் பார்த்தால் அபராதத் தொகை சிரிப்பை வரவழைக்கும்.

ட்ரைபரனாலும் ஸ்டாட்டினும் கொலஸ்ட்ரால் உற்பத்தியைத்தான் தடுக்கின்றன. ஆனால் தடுக்கும் இடம் வேறு. ரைஸ் மில்லில் நெல் கொட்டும் வாயில் வரத்தைக் குறைத்தால், உள்ளே இருப்பதும் குறையும், வெளியே வரும் அரிசியும் குறையும். அரிசி விழும் வாயை அடைத்தால் அரைகுறையாய் அரைபட்டது எந்திரத்துக்குள்ளேயே குவியும். ஸ்டாட்டின் செய்வது முதலாவது. ட்ரைபரனால் கடைசிப் படியை அடைத்தது. அதனால் டெஸ்மோஸ்டெரால் என்ற பாதி வெந்த சரக்கு ரத்தத்திலும் திசுக்களிலும் சேர்ந்தது. ட்ரைபரனாலின் கதையை அப்படியே ஸ்டாட்டின் தலையில் கட்ட முடியாததற்கு இதுவே காரணம்.

ஆனாலும் அந்த அனுபவம் மருத்துவ உலகை உலுக்கியது. கொலஸ்ட்ரால் உற்பத்தியில் கை வைக்கும் எந்த மருந்து வந்தாலும் "கண்ணைப் பார்த்தாயா" என்ற கேள்வி முதலில் வந்து நின்றது.

## கண் லென்ஸுக்கும் கொலஸ்ட்ராலுக்கும் என்ன உறவு

கருவிழிக்குப் பின்னால் இருக்கும் இயற்கை லென்ஸ் மங்குவதே கண் புரை. வயதானால் யாருக்கும் வரக்கூடியது. சர்க்கரை நோய், புகைபிடித்தல், ஸ்டீராய்டு மருந்துகள், வெயிலின் புற ஊதாக் கதிர் ஆகியவை அதை விரைவுபடுத்தும்.

லென்ஸ் ஒரு விசித்திரமான உறுப்பு. ரத்தக் குழாய் அதற்குள் போவதில்லை. போனால் ஒளி தடைபடும். வெளி ஓரத்தில் புதிய நார்கள் உருவாகிக்கொண்டே இருக்கும். பழையவை உள்ளே தள்ளப்படும். அவை தங்கள் உட்கருவையும் செல் உறுப்புகளையும் இழந்து கண்ணாடித்தன்மை பெறும். கழிந்து போவது எதுவும் இல்லை. எழுபது வயதுக்காரரின் லென்ஸ் நடுவில் இருப்பது, அவர் தாயின் வயிற்றில் இருந்தபோது உருவான நார். அதில் ஏற்படும் சேதத்தைப் பழுதுபார்க்க உடலுக்கு வழி இல்லை.

இந்த நார்களின் சவ்வுதான் மனித உடலிலேயே கொலஸ்ட்ரால் அடர்த்தி மிகுந்த சவ்வு. ரத்தம் எட்டாத இடம் என்பதால், தேவையான கொலஸ்ட்ராலைப் பெரும்பாலும் லென்ஸே தயாரித்துக்கொள்கிறது. கொலஸ்ட்ராலை முழுமையாகத் தயாரிக்க முடியாத ஸ்மித்-லெம்லி-ஓபிட்ஸ் என்ற பிறவிக் கோளாறு உள்ள குழந்தைகள் சிலருக்குப் புரையும் இருப்பதை மருத்துவர்கள் கண்டிருக்கிறார்கள். ஆக, உற்பத்தியைத் தடுக்கும் மருந்து லென்ஸுக்குள் போதிய அளவு நுழைந்தால் தீங்கு நேரலாம் என்ற ஊகம் ஆதாரமற்றதல்ல.

எதிர்ப்பக்க ஊகமும் உண்டு. ஸ்டாட்டினுக்கு அழற்சியையும் ஆக்ஸிஜனேற்றச் சேதத்தையும் குறைக்கும் தன்மை இருக்கிறது. புரைக்கு ஆக்ஸிஜனேற்றச் சேதம் ஒரு முக்கியக் காரணம் என்பதால், மருந்து லென்ஸைக் காக்கவும் கூடும். ஊகம் இரண்டு பக்கமும் பேசும்போது மனிதர்களிடம் சோதித்துப் பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை.

## நாய்களும் எட்டாயிரம் மனிதர்களும்

லோவாஸ்டாட்டினை நாய்களுக்கு, மனிதருக்குத் தருவதைப்போலப் பல மடங்கு அளவில் கொடுத்தபோது சிலவற்றுக்குப் புரை வந்தது. ட்ரைபரனால் நினைவு பசுமையாக இருந்த காலம். அதனால் 1987இல் அனுமதி கிடைத்தபோது, மாத்திரையைத் தொடங்குபவருக்கு ஸ்லிட் லாம்ப் கருவியால் லென்ஸைப் பார்க்க வேண்டும், அதன் பிறகும் அவ்வப்போது பார்க்க வேண்டும் என்று மருந்துக் குறிப்பிலேயே எழுதினார்கள். கண் டாக்டரிடம் தாடையைத் தாங்கியில் வைத்து, அவர் மெல்லிய ஒளிக்கீற்றைக் குறுக்கே ஓட்டிப் பார்ப்பாரே, அதே கருவிதான்.

பிறகு எக்செல் என்ற சோதனையில் 8,245 பேருக்கு 48 வாரங்கள் லோவாஸ்டாட்டினோ, மருந்தே இல்லாத வெற்று மாத்திரையோ கொடுத்து லென்ஸைப் பார்த்தார்கள். 1991இல் வெளியான முடிவில் இரு தரப்புக்கும் வேறுபாடு இல்லை. கட்டாயக் கண் பரிசோதனை என்ற நிபந்தனை கைவிடப்பட்டது. இன்று ஸ்டாட்டின் எழுதும்போது யாரும் உங்களைக் கண் டாக்டரிடம் அனுப்பாததற்குப் பின்னணி இதுதான்.

48 வாரம் போதுமா என்று கேட்டால், நியாயமான கேள்வி. புரை ஆண்டுக்கணக்கில் வளர்வது. மாத்திரையும் ஆயுள் முழுக்கச் சாப்பிடுவது.

## ஆய்வுகள் ஏன் ஒன்றோடொன்று மோதுகின்றன

அமெரிக்காவின் விஸ்கான்சினில் நடந்து 2006இல் வெளியான பீவர் டாம் கண் ஆய்வு, ஐந்தாண்டில் லென்ஸின் மையப் பகுதியில் புரை வந்தோர் ஸ்டாட்டின் சாப்பிட்டவர்களில் 12.2 சதவீதம், சாப்பிடாதவர்களில் 17.2 சதவீதம் என்றது. அதாவது மாத்திரை பாதுகாப்பு. ஆஸ்திரேலியாவின் ப்ளூ மவுண்டன்ஸ் ஆய்வும் அதே பக்கம் சாய்ந்தது.

2010இல் இங்கிலாந்து, வேல்ஸ் நோயாளிகள் 20 லட்சம் பேரின் பதிவுகளைப் புரட்டிய ஆய்வு நேர் எதிராகச் சொன்னது. இதய நோய் அபாயம் அதிகமுள்ள 10,000 பெண்கள் ஐந்தாண்டு ஸ்டாட்டின் சாப்பிட்டால், இதய-ரத்தக் குழாய் நோய் 271 பேருக்குக் குறையும். புரை கூடுதலாக 307 பேருக்குப் பதிவாகும். 2013இல் அமெரிக்க ராணுவ மருத்துவக் காப்பீட்டில் இருந்தவர்களை, வயது, நோய் எல்லாம் ஒத்துவரும்படி 6,972 ஜோடிகளாகப் பிரித்து ஒப்பிட்டார்கள். சாப்பிட்டவர்களில் 35.5 சதவீதம் பேருக்கும், சாப்பிடாதவர்களில் 33.5 சதவீதம் பேருக்கும் புரை இருந்தது. செய்தித் தலைப்பில் "அபாயம்" என்று வந்த வேறுபாட்டின் உண்மையான அளவு நூற்றுக்கு இரண்டு பேர்.

பதிவுகளைப் புரட்டிச் செய்யும் ஆய்வுகளில் சில பொறிகள் உண்டு:

1. நோய்க்காகத்தான் மருந்து. ஸ்டாட்டின் சாப்பிடுபவர்களில் சர்க்கரை நோயாளிகள், பருமனானவர்கள், புகைபிடித்தவர்கள் அதிகம். இவர்களுக்கு மாத்திரை இல்லாமலேயே புரை சீக்கிரம் வரும். கணிதத்தால் இதைச் சரிக்கட்டப் பார்க்கலாம். முழுக்கச் சரிக்கட்ட முடியாது.

2. பார்த்தால்தான் தெரியும். மாதாமாதம் மாத்திரை வாங்க ஆஸ்பத்திரிக்குப் போகிறவர் "கண்ணும் கொஞ்சம் மங்கலாக இருக்கிறது" என்று சொல்வார், புரை பதிவேட்டில் ஏறும். டாக்டர் பக்கமே போகாதவரின் புரை பதிவாவதில்லை.

3. ஒழுங்காக மாத்திரை சாப்பிடுபவர் பொதுவாகவே உடம்பைக் கவனிப்பவர். இந்தப் பொறி எதிர்த்திசையில் வேலை செய்து, மாத்திரையை உள்ளதைவிட நல்லதாகக் காட்டும். பீவர் டாம் முடிவில் இது எந்த அளவு கலந்திருக்கிறது என்று பிரிப்பது கடினம்.

4. ஸ்டாட்டின் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பைச் சிறிதளவு கூட்டுகிறது. 2010இல் 13 சோதனைகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தபோது அந்தக் கூடுதல் 9 சதவீதம். அந்த வழியாகவும் புரை வரலாம். அப்படியானால் மருந்து நேராக லென்ஸைத் தொடுவதில்லை.

இந்தப் பொறிகளிலிருந்து தப்ப ஒரே வழி, யாருக்கு மருந்து, யாருக்கு வெற்று மாத்திரை என்பதைக் குலுக்கல் முறையில் முடிவு செய்வது.

## ஹோப்-3: ஒதுக்க முடியாத ஒரு எண்

கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் இருந்து, கேரளத்தில் பிறந்த சலீம் யூசுஃப் தலைமையில் 21 நாடுகளில் நடந்த சோதனை ஹோப்-3. இந்தியாவும் அதில் உண்டு. இதய நோய் இன்னும் வராத, ஆனால் வரும் வாய்ப்பு நடுத்தர அளவில் உள்ள 12,705 பேருக்கு, ரோசுவாஸ்டாட்டின் 10 மில்லிகிராமோ வெற்று மாத்திரையோ குலுக்கல் முறையில் கொடுத்து, ஐந்தரை ஆண்டுகளுக்கு மேல் பின்தொடர்ந்தார்கள். முடிவு 2016இல் வந்தது.

இதய மரணம், மாரடைப்பு, பக்கவாதம் மூன்றும் சேர்த்து: மாத்திரை சாப்பிட்டவர்களில் 3.7 சதவீதம், வெற்று மாத்திரைக்காரர்களில் 4.8 சதவீதம். கண் புரை ஆபரேஷன்: முறையே 3.8, 3.1 சதவீதம்.

ஆயிரம் பேர் கணக்கில் போட்டால், ஏறக்குறைய 5.6 ஆண்டுகளில் 11 பேர் மாரடைப்பு, பக்கவாதம் அல்லது இதய மரணத்திலிருந்து தப்பினார்கள். 7 பேருக்குக் கூடுதலாகப் புரை ஆபரேஷன் நடந்தது.

இந்த ஏழு பேரை "தற்செயல்" என்று ஒதுக்கும் மருத்துவர்கள் இருக்கிறார்கள். சோதனை தொடங்கும்போது புரையை அளப்பது அதன் முக்கிய நோக்கம் இல்லை, பல விஷயங்களைப் பார்க்கும்போது ஏதாவது ஒன்று தற்செயலாக எழும் என்பது அவர்கள் வாதம். அதில் நியாயம் உண்டு. சிம்வாஸ்டாட்டினும் எசெடிமைப் என்ற இன்னொரு கொழுப்பு மருந்தும் சேர்த்து 1,873 பேருக்குச் சோதித்த சீஸ் ஆய்வில் புரை குறைந்திருந்தது என்பதும் அவர்களுக்குச் சாதகம். ஆனாலும் குலுக்கல் முறைச் சோதனையில், அதுவும் இவ்வளவு பெரிய ஒன்றில் வந்த எண்ணை ஒன்றுமில்லை என்று சொல்வது சரியாகப் படவில்லை. சிறிய அளவில் புரை கூடலாம் என்று வைத்துக்கொண்டு கணக்குப் போடுவதே நேர்மை.

இதில் இன்னொரு செய்தி ஒளிந்திருக்கிறது. கொழுப்பில் கரையும் ஸ்டாட்டின்கள் (சிம்வாஸ்டாட்டின், அட்டோர்வாஸ்டாட்டின்) லென்ஸுக்குள் எளிதாக நுழையும், நீரில் கரையும் ரோசுவாஸ்டாட்டின் நுழையாது, ஆகவே கண்ணுக்குப் பயந்தால் ரோசுவாஸ்டாட்டினுக்கு மாறலாம் என்று ஒரு யோசனை உலவுகிறது. புரை கூடியதாகக் காட்டிய ஹோப்-3இல் கொடுக்கப்பட்டதே ரோசுவாஸ்டாட்டின்தான். கண்ணைக் காரணம் காட்டி மாத்திரையை மாற்ற இப்போதைக்கு ஆதாரம் இல்லை.

ரத்தத்தில் எல்.டி.எல். மிகவும் தாழ்ந்துபோவதே லென்ஸைப் பாதிக்குமா என்ற கேள்விக்கு இன்னொரு சோதனை பதில் தருகிறது. எவோலோகுமாப் என்ற ஊசி, செல்லுக்குள் உற்பத்தியைத் தொடாமல் ரத்தத்தில் எல்.டி.எல்.லை மட்டும் வெகுவாக இறக்கும். 27,564 பேரிடம் அதைச் சோதித்த ஃபூரியே ஆய்வில் எல்.டி.எல். சுமார் 30 மில்லிகிராம் வரை இறங்கியது. புரை வந்தவர்கள், ஊசி போட்டவர்களில் 1.7 சதவீதம், மற்றவர்களில் 1.8 சதவீதம். ஆய்வுக் காலம் இரண்டு ஆண்டுக்குச் சற்று மேல்தான் என்றாலும், ரிப்போர்ட்டில் எண் குறைந்துவிட்டதே என்று கண்ணுக்காகக் கவலைப்படத் தேவையில்லை என்ற அளவுக்கு இது போதும்.

## ஏழும் பதினொன்றும் ஒன்றா

புரை, மருத்துவத்தில் முழுமையாகச் சரிசெய்யக்கூடிய சில கோளாறுகளில் ஒன்று. மதுரையில் 1976இல் டாக்டர் கோ. வெங்கடசாமி தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனையும், 1992இல் அதன் துணை அமைப்பாக வந்து உள்விழி லென்ஸை மலிவாகத் தயாரித்த ஆரோலேபும் இந்த ஆபரேஷனைச் சாதாரண மக்கள் கைக்கு எட்டவைத்தன. இருபது நிமிடத்துக்குள் முடியும். பெரும்பாலும் அன்றே வீட்டுக்குப் போகலாம். இறந்துபோன இதயத் தசைக்கும் மூளைத் திசுக்கும் இப்படி ஒரு மாற்று கிடையாது.

அதற்காக எல்லோருக்கும் விடை ஒன்றாகிவிடாது. ஏற்கெனவே மாரடைப்போ பக்கவாதமோ வந்தவர், ஸ்டென்ட் வைத்தவர், பைபாஸ் செய்தவர் ஆகியோருக்கு மாத்திரையின் பலன் ஹோப்-3 எண்ணைவிடப் பெரியது. 1994இல் வெளியான ஸ்காண்டிநேவியச் சோதனையில் இதய நோயாளிகள் 4,444 பேரில் சிம்வாஸ்டாட்டின் சாப்பிட்டவர்களிடையே மரணமே 30 சதவீதம் குறைந்தது. இவர்கள் கண்ணை நினைத்து மாத்திரையை நிறுத்துவது கணக்குத் தெரியாத வேலை. தமிழக அரசின் இதயம் காப்போம் திட்டத்தில் மாரடைப்பு அறிகுறியோடு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வருபவருக்கு ஆஸ்பிரின், க்ளோபிடோக்ரெலோடு அட்டோர்வாஸ்டாட்டினையும் உடனே கொடுத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புகிறார்கள் என்பதிலிருந்தே இந்த மாத்திரையின் இடம் புரியும்.

உண்மையில் யோசிக்க வேண்டியவர், நாற்பது வயதில் மாஸ்டர் செக்கப் செய்து எல்.டி.எல். கொஞ்சம் கூடியிருப்பதாகக் கண்டவர். சர்க்கரை இல்லை, பிரஷர் இல்லை, புகை இல்லை, குடும்பத்தில் சிறு வயது மாரடைப்பும் இல்லை. இவருக்கு மாத்திரையின் பலன் சிறியது. பலன் சிறிதாகும்போது சிறிய பக்கவிளைவுக்கும் எடை கூடும். இவர் டாக்டரிடம் "பத்தாண்டில் எனக்கு மாரடைப்பு வரும் வாய்ப்பு எவ்வளவு, மாத்திரையால் அது எவ்வளவாகக் குறையும்" என்று கேட்டு, உணவையும் நடையையும் முதலில் முயலலாமா என்று பேசலாம்.

## புரை தவிர வேறென்ன

2023 ஜனவரியில் ஐரோப்பிய மருந்து முகமையின் பாதுகாப்புக் குழு, மயஸ்தீனியா என்ற நரம்பு-தசை நோயையும், கண்ணை மட்டும் தாக்கும் அதன் வகையையும் ஸ்டாட்டின்களின் மருந்துக் குறிப்பில் சேர்க்கச் சொன்னது. இதில் இமை தானாகத் தொங்கும், பொருள் இரண்டாகத் தெரியும். காலையில் தேவலாம்போல் இருந்து மாலையில் கூடும். மிக மிக அரிது. ஆனால் கண்டுபிடித்துவிட்டால் மருந்தை மாற்றி வழி செய்யலாம் என்பதால் தெரிந்துவைத்திருப்பது நல்லது. ஏற்கெனவே மயஸ்தீனியா உள்ளவர் ஸ்டாட்டின் தொடங்கும்முன் அதைச் சொல்லியாக வேண்டும். இரட்டைப் பார்வை திடீரென்று வந்து, வாய் கோணுவதோ கை கால் வலுவிழப்பதோ சேர்ந்தால் அது பக்கவாத அறிகுறி. 108ஐத்தான் கூப்பிட வேண்டும்.

நயாசின் என்ற வைட்டமின் பி3, கிராம் கணக்கில் கொலஸ்ட்ராலுக்காகக் கொடுக்கப்பட்ட காலம் ஒன்று இருந்தது. சிலருக்கு அது விழித்திரையின் நடுப்பகுதியில் வீக்கம் உண்டாக்கிப் பார்வையை மங்கவைத்தது. நிறுத்தினால் சரியாகிவிடும். பெரிய சோதனைகளில் இதயத்துக்குப் பலன் இல்லை என்று தெரிந்தபின் அதன் பயன்பாடு குறைந்துவிட்டது. ஆனால் "இயற்கையானது" என்ற பெயரில் அதிக அளவு நயாசினை ஆன்லைனில் வாங்கிச் சாப்பிடுபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். மாத்திரைக்குப் பயந்து அதற்கு மாறினால், கண்ணுக்கு நேரடித் தீங்கு உறுதியாகத் தெரிந்த ஒன்றைத் தேடிப்போனதாக ஆகும்.

அண்மையில் பார்வை நரம்பு பாதிப்பு பற்றி அடிபட்டது செமாக்ளுடைட். அது சர்க்கரைக்கும் எடைக் குறைப்புக்கும் உள்ள மருந்து. 2025 ஜூனில் ஐரோப்பிய முகமை அந்த நரம்பு பாதிப்பை அதன் மிக அரிதான பக்கவிளைவு என்று அறிவித்தது. ஸ்டாட்டினோடு குழப்பிக்கொள்ளத் தேவையில்லை.

## கொழுப்பு மாத்திரை கண்ணுக்கு உதவும் இடங்கள்

ஃபார்வர்டுகளில் வராத பக்கம் இது. சர்க்கரை நோயால் விழித்திரை கெடுவது, புரையைப்போல ஆபரேஷனில் மீட்டுத்தர முடியாத பார்வையிழப்புக்குக் கொண்டுபோகும். அதில் கொழுப்பு மருந்துகளில் ஒன்றான ஃபெனோஃபைப்ரேட்டுக்கு ஒரு பங்கு இருக்கிறது. இது ஸ்டாட்டின் இனம் இல்லை, முக்கியமாக ட்ரைகிளிசரைடு என்ற இன்னொரு வகை ரத்தக் கொழுப்பைக் குறைப்பது.

ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, பின்லாந்தில் சர்க்கரை நோயாளிகள் 9,795 பேரிடம் நடந்த ஃபீல்டு சோதனையில், விழித்திரைக்கு லேசர் சிகிச்சை தேவைப்பட்டவர்கள் 4.9 சதவீதத்திலிருந்து 3.4 சதவீதமாகக் குறைந்தார்கள். அமெரிக்காவின் அக்கார்டு கண் ஆய்வில், சிம்வாஸ்டாட்டினோடு ஃபெனோஃபைப்ரேட்டும் சேர்த்துச் சாப்பிட்டவர்களில் நான்காண்டில் விழித்திரைப் பாதிப்பு முற்றியது 6.5 சதவீதம், சிம்வாஸ்டாட்டின் மட்டும் சாப்பிட்டவர்களில் 10.2 சதவீதம். 2024இல் ஸ்காட்லாந்தில் 'லென்ஸ்' (LENS) என்று பெயரிட்ட சோதனை 1,151 பேரிடம் இதையே உறுதி செய்தது. மூன்று சோதனைகள் ஒரே பக்கம் கைகாட்டுவது இந்தத் துறையில் அபூர்வம். ஆஸ்திரேலியா 2013லேயே விழித்திரைப் பாதிப்புக்கு இந்த மருந்தை அனுமதித்துவிட்டது. சிறுநீரகத்தின் நிலையைப் பார்த்துத்தான் தர வேண்டும் என்பதால் கடையில் தானாகக் கேட்டு வாங்கும் மருந்து இல்லை.

கண்ணின் ரத்தக் குழாயும் இதயத்தின் குழாயைப்போல அடைபடும். கழுத்துத் தமனியில் படிந்த கொலஸ்ட்ரால் துணுக்கு பெயர்ந்து விழித்திரைத் தமனிக்குள் போய்ச் சிக்கினால், கண் டாக்டர் உள்ளே பார்க்கும்போது குழாயில் மஞ்சளாக மினுங்கும். மேயோ கிளினிக்கின் ஹோலன்ஹார்ஸ்ட் 1961இல் விவரித்ததால் அவர் பெயரில் அதை அழைக்கிறார்கள். ஒரு கண்ணில் திரை இறங்கியதுபோல் சில நிமிடம் இருண்டு தெளிந்தால், இப்படி ஒரு துணுக்கு கடந்து போயிருக்கலாம். பக்கவாதம் பின்னால் வரக்கூடும் என்பதற்கு அடையாளம். இந்த நிலையில் இருப்பவருக்கு எழுதப்படும் மருந்துகளில் ஸ்டாட்டினும் ஒன்று.

## மாத்திரை சாப்பிடுபவர் செய்யக்கூடியது

பொதுவாக மாத்திரைக்காகத் தனியே கண் பரிசோதனை தேவையில்லை. சர்க்கரை நோயாளிகள் மாத்திரை சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் ஆண்டுக்கு ஒருமுறை சொட்டு மருந்து விட்டு விழித்திரையைப் பார்த்துக்கொள்ள வேண்டும். நெஞ்சுச் சளிக்கோ வேறு தொற்றுக்கோ கிளாரித்ரோமைசின் என்ற ஆன்டிபயாடிக்கை எழுதினால், சிம்வாஸ்டாட்டினோ அட்டோர்வாஸ்டாட்டினோ சாப்பிடுவதை அந்த டாக்டரிடம் சொல்ல வேண்டும். இரண்டும் சேர்ந்தால் ரத்தத்தில் ஸ்டாட்டின் அளவு ஏறி, பக்கவிளைவுகளுக்கு, முதன்மையாகத் தசைப் பாதிப்புக்கு, இடம் தரும்.

இரவில் எதிரே வரும் வண்டி வெளிச்சம் சிதறித் தெரிவது, கண்ணாடி நம்பர் அடிக்கடி மாறுவது, நிறங்கள் பழுப்பேறித் தெரிவது ஆகியவை புரையின் அடையாளங்கள். இருந்தால் கண் டாக்டரைப் பாருங்கள். புரை என்று தெரிந்தாலும் ஸ்டாட்டினை நிறுத்தினால் அது கரையாது.

புரை ஆபரேஷனுக்கு முன்னும் ஸ்டாட்டினை நிறுத்த வேண்டியதில்லை. அறுவை மருத்துவர் உண்மையில் அறிய விரும்பும் மாத்திரை வேறு. ப்ராஸ்டேட் வீக்கத்துக்காக ஆண்கள் சாப்பிடும் டாம்சுலோசின், ஆபரேஷனின்போது கருவிழிப் படலத்தைத் துவளச் செய்து கண்பாவையைச் சுருங்கவைக்கும். முன்கூட்டியே தெரிந்தால் அதற்கேற்ற ஏற்பாடு செய்துகொள்வார். ரத்தம் உறையாமல் இருக்கச் சாப்பிடும் மாத்திரைகளையும் சொல்ல வேண்டும்; அவற்றையும் தானாக நிறுத்தக் கூடாது.

ஆபரேஷன் முடிந்த கண்ணில் இயற்கை லென்ஸே இல்லை என்பதால் அந்தக் கண்ணில் மறுபடி புரை வராது. சில மாதங்களோ ஆண்டுகளோ கழித்துப் பார்வை மங்கினால் "கொழுப்பு மாத்திரையால் புரை திரும்பிவிட்டது" என்று சொல்வது வழக்கம். செயற்கை லென்ஸைத் தாங்கும் மெல்லிய உறை மங்குவதே அதற்குப் பெரும்பாலும் காரணம். யாக் லேசரால் சில நிமிடங்களில் அந்த உறையில் வழி திறந்துவிடுவார்கள்.